வாசனைக்கு வசதி வேண்டியதில்லை

"கரண்டு இருக்கும்போதே எதுக்கும்மா மெழுகுவத்தி?"

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள ஊர்களில், ஒரு வீட்டு அலமாரியில் வாசனை மெழுகுவர்த்தி இருந்தால் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அடுத்து விலையைக் கேட்பார்கள். சொன்னதும் தீர்ப்பு வந்துவிடும்: காசைக் கரியாக்குகிறீர்கள். வசதி உள்ளவன் வீட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு, இரண்டு ஊதுபத்தி கொளுத்தினால் ஆகாதா, இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சங்கதி, போதாததற்கு அந்தப் புகை விஷம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இவ்வளவும் கேட்ட பிறகு அந்த வீட்டுப் பெண் மெழுகுவர்த்தியைப் பீரோவுக்குள் தள்ளிவிடுகிறாள். வந்தவர்கள் சொன்னதில் உண்மை இருந்தால் பரவாயில்லை. இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கருத்தைப் பரப்புகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மட்டும் அல்ல. சென்னையிலும் புதுச்சேரியிலும் விலை உயர்ந்த மெழுகுவர்த்தி விற்கிறவர்களும் இதையே வேறு குரலில் சொல்கிறார்கள். நல்லது வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், விலை மலிவானது எல்லாம் ரசாயனம், தலைவலிதான் மிஞ்சும் என்பது அவர்கள் பேச்சு. ஒருவர் வாங்காதே என்கிறார், மற்றவர் விலை கூடியதை வாங்கு என்கிறார். இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: நல்ல வாசனை பணக்காரர் வீட்டுக்கு உரியது. அந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கண்ணாடிக் குப்பியில் ஊற்றிய நடுத்தர மெழுகுவர்த்தி ஒன்று மணிக்கு 5 முதல் 7 கிராம் வரை மெழுகைத் தின்னும். 200 கிராம் எடையுள்ளது என்றால் ஏறத்தாழ 28 முதல் 40 மணி நேரம் வரை எரிய வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது பாதிகூட எரிவதில்லை. காரணம், முதல் நாள் ஏற்றி இருபது நிமிடத்தில் அணைத்துவிடுவது. திரியைச் சுற்றி மட்டும் மெழுகு உருகி, விளிம்பில் உள்ளது கெட்டியாகவே நின்றுவிடும். அடுத்த நாள் ஏற்றும்போது உருகல் அந்தப் பழைய வட்டத்தை எளிதில் தாண்டாது. பத்து நாளில் நடுவில் ஆழமாகக் குழி விழுந்து, திரி அதற்குள் முங்கி, சுவரோரம் பாதி மெழுகு ஒட்டிக்கொண்டு நிற்க, தீ தானே அணைந்துபோகும். அப்போது சொல்வார்கள், பார்த்தாயா, காசு வீண் என்று. காசு வீணானது உண்மைதான், ஆனால் வீணானதற்குக் காரணம் மெழுகுவர்த்தி அல்ல. மேல்பரப்பு முழுவதும் விளிம்பு வரை உருகுமளவு முதல் முறையே எரியவிட வேண்டும் என்பதை விற்றவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் எரியவிடுவது? வாய் அகலம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. மூன்று அங்குலக் குப்பிக்கு மூன்று மணி நேரம் ஆகும். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கழனிக்கோ கடைக்கோ போய்த் திரும்புகிற குடும்பத்தில் எரிகிற தீயின் மேல் மூன்று மணி நேரம் கண் வைத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே, பெரியதாக வாங்கினால் லாபம் என்ற கணக்கு இங்கே தலைகீழாகப் புரள்கிறது. அகன்ற குப்பியும் மூன்று திரியும் பெரிய கூடம் உள்ளவர்களுக்காகச் செய்தவை. நம் வீட்டுக்கு ஏற்றது டீலைட் என்று விற்கும் சின்னத் தகரக் கிண்ண மெழுகுவர்த்திதான். ஒன்றரை அங்குலமே அகலம், தகரமும் சூட்டைக் கடத்தும் என்பதால் கொஞ்ச நேரத்திலேயே விளிம்பு வரை உருகிவிடும். எப்போது அணைத்தாலும் குழி விழாது. ஒன்று மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். வாசனை சேர்த்த ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மாலைக்கு ஒரு மணி நேரம் ஏற்றினால் ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் சொச்சம். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு டீ அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலை.

ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்கலாம். போதும். மூக்கு எந்த வாசனைக்கும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அரை மணி நேரம் ஒரே அறையில் இருந்தவருக்கு மணம் மங்கிவிட்டதுபோல் தோன்றும்; வாசலில் இருந்து புதிதாக உள்ளே வருகிறவருக்கு அது பளிச்சென்று தெரியும். மணம் வரவில்லையே என்று இரண்டாவதையும் ஏற்றுகிறவர்கள் இதை அறியாதவர்கள். அணைத்த பிறகும் உருகிய மெழுகிலிருந்து மணம் வந்துகொண்டுதான் இருக்கும்.

திரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புகை, கரி, தலைவலி என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஏற்றிய திரியை அருகில் வைத்துப் பாருங்கள். நுனியில் காளான் குடைபோலக் கரி திரண்டிருக்கும். அதோடு ஏற்றினால் தீ நீண்டு ஆடும், கருப்பாகப் புகை எழும், குப்பியின் கழுத்து கறுக்கும். நகவெட்டியால் அந்தக் கரியை நறுக்கிவிட்டு, திரியைக் கால் அங்குலமாக வைத்து ஏற்றினால் தீ அசையாமல் நிற்கும். எரிவது திரி அல்ல. உருகிய மெழுகு திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியையே பொருளாக வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றி இதையெல்லாம் விளக்கினார். திரி நீண்டால் ஏறுகிற மெழுகு அதிகம். அத்தனையும் எரிய காற்றுப் போதாமல் மிச்சம் கரியாகிறது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தாலும் இதே கதிதான். நகவெட்டி இல்லாத வீடு கிடையாது. இதற்குத் தனிக் கத்தரி என்று விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம்.

விலை கூடியதே நல்லது என்ற வாதத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மல்லிகை மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் மல்லிகைப் பூவிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்தாலும் கிடைக்கும் சாரம் ஒன்றிரண்டு கிலோதான். பூ விலை தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாரம் என்ன விலை விற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெழுகில் வாசனைப்பொருள் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை சேர்க்க வேண்டும். அவ்வளவும் பூவின் சாரமாக இருந்தால் ஒரு குப்பி மெழுகுவர்த்தியை யாராலும் வாங்க முடியாது. ஆகவே 100 ரூபாய் மெழுகுவர்த்தியானாலும் 2,000 ரூபாய் மெழுகுவர்த்தியானாலும், உள்ளே இருக்கும் மல்லிகை மணம் பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்தது. மல்லிகையில் இயல்பாகவே உள்ள பென்சைல் அசிடேட் போன்ற பொருள்களைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்துவிடுகிறார்கள். சந்தனத்துக்கும் ரோஜாவுக்கும் வெனிலாவுக்கும் இதே கதைதான். அதிக விலையில் பெரும்பங்கு கனத்த கண்ணாடிக்கும் அட்டைப் பெட்டிக்கும் கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. செய்த மணம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்தால் அது அருமையான மணம். அது விலை கூடியவரிடம் மட்டும் இருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

சோயா மெழுகு உயர்ந்தது, பாரஃபின் மட்டம் என்பதும் இப்படித்தான். சோயா மெழுகு மென்மையானது. குப்பியில் ஊற்றும் வகைகளில் பல 50 பாகைக்கு முன்பின்னாகவே உருகிவிடும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதை வைத்துப் பாருங்கள், மேலே எண்ணெய் வியர்த்து நிற்கும். குளிர்நாட்டுக்குப் பொருந்துவது விழுப்புரம் மாவட்டத்துச் சித்திரைக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது? நம் வெயிலுக்குக் கெட்டியான பாரஃபின், அல்லது பாரஃபின் கலந்த மெழுகு நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு.

வாசனையின் தரத்தை விலையால் அளக்க வேண்டியதில்லை என்பதற்குச் சமணர் நமக்குத் தந்த காப்பியமே சாட்சி. சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் நீராட்டு விழாவுக்குச் செய்த வாசனைச் சுண்ணப்பொடியில் எது உயர்ந்தது என்று போட்டி போடுகிறார்கள். தோற்றவள் நீராடக் கூடாது என்பது பந்தயம். தீர்ப்புச் சொல்ல வந்த சீவகன் இரண்டு பொடியையும் மேலே தூவுகிறான். வண்டுகள் குணமாலையின் பொடியில் மொய்க்கின்றன, வழக்குத் தீர்ந்தது. இருவருமே பெரிய வணிகர் வீட்டுப் பெண்கள். யார் வீட்டுச் செல்வம் பெரிது என்று சீவகன் பார்க்கவில்லை, மணத்தையே சோதித்தான். இந்தக் காப்பியத்தைப் பாடிய திருத்தக்கதேவர் ஒரு துறவி. 1887-இல் வெளிவந்த இதன் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் உழைத்தபோது பாடத்தின் பொருளை விளக்கியவர்கள் சமணக் குடும்பத்தார். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூரில் நின்றுகொண்டு, வாசனையை விரும்புவது வெட்டி ஆசை என்று சொல்வதற்கு எந்தத் துணையும் இல்லை. இங்குள்ள பார்சுவநாதர் கோயிலிலும் மற்றச் சினாலயங்களிலும் செய்யும் எண்வகை அர்ச்சனையில் சந்தனம், மலர், தீபம், தூபம் நான்கும் உண்டு. எட்டில் நான்கு மணத்துக்கும் ஒளிக்கும் போனவை.

அது சாமிக்கு, வீட்டுக்கு அல்ல என்பார்கள். சாமிக்கு உகந்தது மனிதருக்கு மட்டும் எப்படி ஆகாததாகும்?

மேல்சித்தாமூர்ப் பக்கத்தில் கேட்ட மறுப்புகளில் நான் உண்மையாகவே மதிக்கும் ஒன்று இருக்கிறது. அது பணத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத சமணக் குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. இருட்டில் விளக்கொளிக்கு வரும் சிற்றுயிர்கள் மாய்ந்துபோகும் என்பது அந்தப் பழக்கத்தின் காரணங்களில் ஒன்று. மழைக்காலத்தில் ஈசலும் அந்துப்பூச்சியும் திறந்த தீயில் விழுந்து பொசுங்குவதைப் பார்த்தவர்கள் இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை. ஆனால் அதற்கு விடை மெழுகுவர்த்தியை விலக்குவதில் இல்லை, ஏற்றும் நேரத்தில் இருக்கிறது. விடிந்த பிறகும், பிற்பகலிலும், பொழுது சாயும் முன்னும் ஏற்றலாம். பகல் வெளிச்சத்தில் பூச்சிகள் இந்தச் சிறு தீயை நாடி வருவதில்லை. தீயே வேண்டாம் என்றால் வாசனை மெழுகுத் துண்டை மின்சாரச் சூட்டுக் கிண்ணத்தில் வைத்து உருக்கலாம். தீப்பொறி இல்லை, புகை இல்லை, மணம் மட்டும் வரும்.

இதே அறத்தை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். மெழுகுவர்த்தி விற்பவர்கள் மிகத் தூய்மையானது, மிக உயர்ந்தது என்று அதிக விலை சொல்வது தேன்மெழுகுக்கு. அது தேனீ தனக்குக் கட்டிய கூட்டை உருக்கி எடுப்பது. தேனையே தொடாத சமண வீட்டுக்குள் அது எப்படி நுழையும்? தாழ்ந்தது என்று ஒதுக்கப்படும் மலிவான பாரஃபினோ உயிர்க்கொலைப் பழி இல்லாமல் அந்த வீட்டுக்குள் வரக்கூடியது. ஒன்றை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். மெழுகைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலம் பனையெண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். எதிலிருந்து என்று கடைக்காரர் சொல்லத் தெரியாதவராக இருந்தால் வேறு கடைக்குப் போய்விடலாம்.

வெளிநாட்டுச் சங்கதி என்ற பேச்சுக்கு வருவோம். வீட்டில் தலைக்குக் காட்டும் சாம்பிராணி எங்கிருந்து வருகிறது? அது பெயர்பெற்றது சுமத்ராத் தீவில். அந்தத் தீவின் பாருஸ் துறைமுகத்தருகே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன துறை அது. ஆயிரம் ஆண்டுகளாக நம் ஆட்கள் கடல் தாண்டிப் போய் வாசனை வாங்கி வந்திருக்கிறார்கள். இன்று தட்டில் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ஊதுபத்தியின் மூங்கில் குச்சி பல ஆண்டுகள் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியது. அதைக் கட்டுப்படுத்தவே 2020-இல் மத்திய அரசு அதன் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது. இவற்றையெல்லாம் நம்முடையவை என்று ஏற்றுக்கொண்ட வீடு மெழுகுவர்த்தியை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

மெழுகுவர்த்தியும் நம் சிறு பட்டறைகளில் பல்லாண்டு செய்யப்பட்ட பொருள்தான். சிறுதொழிலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் கடைசிவரை மிஞ்சியிருந்தவை இருபது. 2015 ஏப்ரலில் அவற்றுக்கான ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. அந்த இருபதில் ஊறுகாய், தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி ஆகியவற்றோடு மெழுகுவர்த்தியும் இருந்தது. வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றாமல் திரும்புகிறவர் உண்டா? நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தில் இருக்கும் ஆரோவில்லில் மரோமா என்ற நிறுவனம் வாசனை மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. மாவட்டத்தில் செய்வதை மாவட்டத்து வீடுகளே அந்நியம் என்கின்றன.

புகை விஷம் என்ற வாதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. மூடிய அறையில் எதை எரித்தாலும் காற்று கெடும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வாசனைக்காக எதையும் கொளுத்தக் கூடாது, மெழுகுவர்த்தியும்தான். ஆனால் மெழுகுவர்த்தி விஷம், சாம்பிராணி மருந்து என்று பிரிக்கிறார்களே, அதற்கு ஆதாரம் கிடையாது. 2008-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வருகிறது, ஒரு கிராம் சிகரெட்டில் 10 மில்லிகிராம்தான் என்று சொல்கிறது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் தீயில்லாமல் கனன்று புகைபவை, அதனால் முழுதாக எரியாத துகள் அதிகம். சீராக நின்று எரியும் மெழுகுத் தீயில் அது குறைவு. கொசுவர்த்திச் சுருள் ஒன்று விடிய விடிய எரிந்து வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தச் சுருளை இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே வைத்துத் தூங்குகிற வீட்டில் மாலை ஒரு மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தியை விஷம் என்பது பொருந்தாது.

பாரஃபின் பயம் பெரிதும் பரவியது 2009-இல். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாரஃபின் புகையில் டொலுயின் போன்ற தீங்கான ஆவிகள் இருப்பதாக அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார்கள். எப்போதாவது ஏற்றுவதால் கெடுதல் வராது, காற்றோட்டமில்லாத அறையில் ஆண்டுக்கணக்கில் தினமும் ஏற்றுவதே கவலைக்குரியது என்று அவர்களே சொன்னார்கள். அந்தப் பகுதியைச் சோயா மெழுகு விற்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மெழுகுவர்த்தித் தொழில் சங்கங்கள் பணம் கொடுத்து நடத்திய ஆய்வில் பாரஃபின், சோயா, தேன்மெழுகு, பாமாயில் மெழுகு எல்லாவற்றின் புகையும் ஏறத்தாழ ஒன்றே என்று வந்தது. பணம் கொடுத்தது யார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே அதைப் படிக்க வேண்டும். இரண்டையும் படித்தவர் செய்ய வேண்டியது ஒரே காரியம்: ஜன்னலை ஒரு சாண் திறந்து வைப்பது. அதற்குச் செலவு கிடையாது.

உள்ளதிலேயே செலவு குறைந்த வழி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, மாவட்டமே இருட்டில் கிடந்தபோது வாங்கிய வெள்ளை மெழுகுவர்த்திகளின் மிச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அதில் ஒரு கட்டையைச் சிறு மண் தூபக்காலில் நிறுத்தி, மேலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நான்கைந்து சொட்டு வெட்டிவேர் எண்ணெயோ எலுமிச்சைப்புல் எண்ணெயோ விட்டால் போதும். எலுமிச்சைப்புல் எண்ணெய் விலையும் மலிவு. 10 மில்லி புட்டியில் ஏறக்குறைய 200 சொட்டு இருக்கும், நாற்பது மாலைக்கு வரும். தண்ணீர் சுண்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிவேர் பக்கத்துக் கடலூர் மாவட்டக் கடலோரத்தில் விளைவது. எண்ணெய் விலை கூடுதல் என்றால் வேரையே கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றலாம்.

குப்பியில் மிஞ்சிய மெழுகை எறிய வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, புதுத் திரி நட்டு, சின்னத் தகரக் கிண்ணங்களில் ஊற்றிக்கொள்ளலாம். நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது. தப்பித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் மெழுகு வெடித்துச் சிதறும். மூடியால் மூடிவிட வேண்டும். செண்ட் புட்டியை மெழுகில் கவிழ்ப்பதும் ஆபத்து, அதில் இருப்பது சாராயம். கூரை வீட்டில் மெழுகுவர்த்தியே வேண்டாம், மின்சாரக் கிண்ணம் மட்டும்தான்.

கடைசியாக, இந்தக் கண்டிப்பு யார் மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மல்லாட்டை விற்ற பணத்தில் ஆண்கள் ஒரு நாளைக்குக் குடிக்கும் டீயையும் பிடிக்கும் பீடியையும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சமையலும் படுக்கையும் பிள்ளைகள் படிப்பும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில், தாளிப்பு நெடியும் மழைக்காலத்தில் காயாத துணியின் வாடையும் நாள் முழுவதும் சுமக்கிற பெண், பொழுது சாயும் நேரத்தில் மூன்று ரூபாய்க்கு ஒரு மணம் வேண்டும் என்றால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லச் சொல்கிறோம். சாமிக்கு என்றால் ஏற்றலாம், விருந்தாளிக்கு என்றால் ஏற்றலாம், தனக்காக ஏற்றினால் ஆடம்பரம். இது சிக்கனம் ஆகாது. கையில் காசு குறைந்தவர்கள் எதையும் அனுபவிக்க உரிமை இல்லாதவர்கள் என்கிற பழைய கெட்ட எண்ணம்தான் சிக்கனத்தின் பெயரில் வருகிறது. பெரிய கூடம் உள்ளவரைவிட ஒற்றை அறையில் வாழ்பவருக்குத்தான் வாசனை அதிகம் தேவை. ஒரு டீலைட்டின் மணம் அந்த அறைக்கு நிறையவே போதும், பெரிய கூடத்துக்கு அது எட்டாது.

ஆகவே சகோதரிகளே, பீரோவுக்குள் தள்ளிய மெழுகுவர்த்தியை வெளியே எடுங்கள். குழி விழுந்திருந்தால் விளிம்பு மெழுகைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து, உருக்கிச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். திரியைக் கால் அங்குலமாக நறுக்கி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, பொழுது சாயும் முன் ஏற்றுங்கள். விலை கேட்கிறவர்களுக்கு மூன்று ரூபாய் என்று சொல்லுங்கள். அடுத்த முறை திண்டிவனம் போகும்போது பெரிய குப்பியை வாங்காதீர்கள், பத்து டீலைட் வாங்கி வாருங்கள்.